கிண்ணம் புதைத்த இடம்

மார்ல் க்ரீக், வர்ஜீனியா
14 ஜனவரி 1996

அன்புள்ள தம்பி ஆர்மிஸ்டெட்டுக்கு,

அக்கா ஹெஸ்டர் எழுதுவது. என் உடம்பைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உன் முழங்கால், உன் நாய், அரிசோனா வெயில் மூன்றும் எப்படி இருக்கின்றன என்று எழுது. கிறிஸ்துமஸ் அட்டையில் வெறும் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பியிருந்தாய். அதிலிருந்து நீ உயிரோடிருக்கிறாய் என்பதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

இந்த அக்டோபரில் நம் ஆலயம் கட்டி இருநூற்றைம்பது ஆண்டு நிறைகிறது. சபை வரலாற்றை எழுதும் பொறுப்பை, ஆலயத்தை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டி எனக்குக் கொடுத்திருக்கிறது. நான் நன்றாக எழுதுவேன் என்பதால் அல்ல. வேறு யார் எழுதினாலும் நான் குறை சொல்வேன் என்பதால். ஆரம்பக் காலத்தை முடித்துவிட்டேன். அப்போதெல்லாம் குருமாருக்குச் சம்பளம் புகையிலையாகத்தான் கொடுத்தார்கள். நம் சேகரத்தில் விளைந்தது மட்டமான புகையிலை, ஆகவே வந்து சேர்ந்த குருமாரும் அந்தத் தரத்தில்தான் இருந்தார்கள். ஒருவர் பிரசங்கத்தின் நடுவே பீடத்திலிருந்து விழுந்திருக்கிறார். சபையார் அதை ஆசீர்வாதம் என்று நினைத்து எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். விடுதலைப் போர் முடிந்ததும் இங்கிலாந்துத் திருச்சபையாராக இருந்தவர்கள் எபிஸ்கோப்பல் திருச்சபையார் ஆனோம். ஜெபப் புத்தகத்தில் அரசருக்கான ஜெபத்தைக் கோடு போட்டு அடித்தோம். மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது, யார் எந்த இருக்கையில் உட்காருவது என்பது உட்பட.

புத்தகத்துக்காகக் கிண்ணத்தின் கதையையும் சுருக்கி எழுதியிருக்கிறேன், சரிபார்:

"1864-இல், உள்நாட்டுப் போரின்போது, வடக்குப் படை ஆற்றைக் கடக்கிறது என்று செய்தி வந்தது. உடனே லுசிண்டா பெல்ஃபீல்ட் அம்மையார் திருவிருந்துக்கான வெள்ளிக் கிண்ணத்தை ஒரு சவப்பெட்டியில் வைத்து, ஆலய மதிலுக்குள் இருந்த தம் குடும்பக் கல்லறை இடத்தில் புதைக்கச் செய்தார். ஆலயத்தில் மணியடித்து வந்த அடிமை ஐசக் குழி தோண்டினார். புதுக் கல்லறையைக் கண்ட படைவீரர்கள் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்துவிட்டுப் போனார்கள். போர் முடிந்து கிண்ணம் வெளியே எடுக்கப்பட்டது. ஐசக் வடக்கே ஓடிவிட்டார். ஆண்டுதோறும் அக்டோபரில், கிண்ண ஞாயிறு அன்று, சபையார் அந்த இடத்தைச் சுற்றி நின்று ஷெர்ரி ஒயின் அருந்தி நன்றி செலுத்துகிறார்கள். மதிலுக்கு வெளியே, சாலையில், ஐசக்கின் வழிவந்த ஜாஸ்பர் குடும்பத்தாரும் தொப்பியைக் கழற்றி நிற்பது வழக்கம். கிண்ணத்தின்மீது அவர்களுக்குள்ள பற்று நெகிழ வைப்பது."

ரிச்மண்டில் ஒரு சபையார் போர்க்காலத்தில் நம் கிண்ணத்தைத் தாங்கள்தான் பத்திரமாக வைத்திருந்ததாக இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள் அல்லவா? வேறு ஏதோ சபையோடு குழப்பிக்கொள்கிறார்கள், பாவம். அதைச் சேர்க்கவில்லை.

இன்னொன்று. இதைச் செய்தியாக மட்டும் எடுத்துக்கொள். அம்மாவின் கல்லறைக்கு வலப்பக்கம், கிண்ணத்தைப் புதைத்து எடுத்த அந்தக் காலி இடத்தை, ஆண்டு விழாவுக்குப் பிறகு பெல்ஃபீல்ட் குடும்பத்தில் ஒருவருக்குக் கொடுக்கலாம் என்று கமிட்டி தீர்மானித்திருக்கிறது. கல்லறைத் தோட்டத்தில் மீதி இருப்பது அது ஒன்றுதான். ஒருவருக்குத்தான் இடம். "யாருக்கு முதலில் தேவைப்படுகிறதோ அவருக்கு" என்று தலைவர் லிட்டில்டன் வாரிங் எழுதி வைத்திருக்கிறார்.

பிரியமுள்ள அக்கா,
ஹெஸ்டர்


டூசான், அரிசோனா
3 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். முழங்கால் மட்டும் வலிக்கிறது. மற்ற உறுப்புகள் எல்லாம் வேலை செய்கின்றன, குறித்து வைத்துக்கொள். உன் இரத்த அழுத்தம் எவ்வளவு? குளிர்கால இருமல் இந்த வருடமும் வந்ததா? படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா? அக்கறையில்தான் கேட்கிறேன்.

நாற்பது வருடத்தில் நீ எனக்கு எதையும் "செய்தியாக மட்டும்" எழுதியதில்லை. அப்பா இறந்ததை எழுதிய கடிதத்திலேயே அவருடைய சாப்பாட்டு மேசை உன் வீட்டுக்குப் போயாகிவிட்டது என்பதும் இருந்தது. ஆகவே கேட்கிறேன், "முதலில் தேவைப்படுகிறவருக்கு" என்பது வாரிங்கின் வாசகமா, உன் வாசகமா?

அம்மாவின் வலப்பக்கம் எனக்கு என்று அம்மாவே என்னிடம் சொல்லியிருக்கிறார். உனக்குக் கணவர் இருந்தார். எனக்கு யாரும் இல்லை. வாழ்நாள் முழுவதும் ஊர் ஊராகப் போய் மற்றவர்கள் நிலத்தை அளந்து கொடுத்தேன். ஆறடி மண்ணாவது எனக்கென்று இருக்கட்டும். இங்கே தரை பாறை. குழி தோண்ட வேண்டுமென்றால் வெடி வைக்க வேண்டும். அந்தச் சத்தத்தில் போக எனக்கு விருப்பமில்லை.

நியாயமாக யோசித்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. இரண்டு பேரையும் எரித்துவிட்டால் சாம்பலுக்கு அந்த இடம் தாராளம்.

உன் சுகத்தை எதிர்பார்க்கும்,
ஆர்மிஸ்டெட்


மார்ல் க்ரீக்
19 பிப்ரவரி

அன்புள்ள ஆர்மிஸ்டெட்,

நான் சுகம். நீ ஏமாற வேண்டாம் என்பதற்காக முதல் வரியிலேயே எழுதுகிறேன்.

வலப்பக்கத்தை அம்மா எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். எனக்கும் சொன்னார், பால்காரருக்கும் சொல்லியிருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். எனக்குக் கணவர் இருந்தார் என்பது உண்மைதான். அவர் இப்போது மெதடிஸ்ட் கல்லறைத் தோட்டத்தில் தன் முதல் மனைவிக்கும் தன் தாயாருக்கும் நடுவில் படுத்திருக்கிறார். அங்கே எனக்கு இடமில்லை, உயிரோடிருந்தபோதும் அதே நிலைமைதான்.

சாம்பலைப் பற்றி மறுபடி எழுதாதே. கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் சாம்பல் வைப்பதற்கென்றே ஒரு சுவர் கட்டி, தபால் பெட்டி மாதிரி மாடம் மாடமாக வைத்திருக்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு அது சரி.

வெளியூர் என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் புதிய குருவானவர் மெரிடித் ஸ்லோன் அம்மாளை நீ பார்த்ததில்லை. பெண் என்பதைச் சபை மூன்று மாதத்தில் மன்னித்துவிட்டது. வடக்கே ஒஹையோக்காரர் என்பது இன்னும் கமிட்டியின் பரிசீலனையில் இருக்கிறது. நேற்று வீட்டுக்கு வந்தார்.

"மிஸஸ் கெயின்ஸ், உங்க தம்பி எனக்கு லெட்டர் போட்டிருக்காரு" என்றார்.

"பணம் கேட்டானா?"

"இல்ல. அந்த இடத்தோட நீள அகலம் கேட்டிருக்காரு. அப்புறம் உங்களைப் பத்தி நாலு கேள்வி. நீங்க எளச்சுட்டீங்களா, ஒழுங்கா சாப்பிடுறீங்களான்னு."

"நீங்க என்ன எழுதினீங்க?"

"உங்களையே கேக்கச் சொல்லி எழுதிட்டேன். அவரு கேட்டா நீங்க சொல்வீங்களா?"

அவருக்குக் காப்பி ஊற்றினேன். என் முதுகுக்குப் பின்னால் எனக்கு அளவெடுக்க ஆள் வைக்கிறாய் என்பது புரிந்தது. நிலம் அளந்த பழக்கம் போகவில்லை போலிருக்கிறது.

இடத்தைக் கொடுப்பதற்கு முன் நிலத்துக்குள் பார்க்கும் கருவியைக் கல்லூரியிலிருந்து கொண்டு வந்து, அது காலிதான் என்று உறுதி செய்துகொள்ளப் போகிறார்களாம். அதுவும் ஒஹையோ யோசனைதான். எனக்கு இதற்கெல்லாம் நேரமில்லை, புத்தகத்தை ஜூலைக்குள் முடித்தாக வேண்டும். பீடப் பணிப் பெண்கள் சங்கத்திலிருந்து விலகிவிட்டேன். பூனையைக் குருவானவர் எடுத்துக்கொண்டார்.

ஹெஸ்டர்


டூசான்
4 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

என் சுகத்தை நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், சுகம்.

குருவானவருக்கு எழுதினேன் என்பது உண்மை. உனக்கு எழுதினால் உண்மையான பதில் வராது என்று தெரியும்.

விழா அக்டோபரில். புத்தகம் ஏன் ஜூலையில்? முப்பது வருடம் யாரையும் தொடவிடாத அந்தப் பீட விரிப்புகளை இப்போது யார் இஸ்திரி போடுகிறார்கள்? பூனையை ஏன் கொடுத்தாய்? மனிதர்களைவிட அதற்குத்தான் நீ மரியாதை கொடுத்தாய்.

நீ எதையோ திட்டமிடுகிறாய். ஒரு இடத்துக்காக என்னை முந்திக்கொள்ளும் அளவுக்குப் பிடிவாதக்காரியாக யாராவது இருக்க முடியுமா என்று யோசித்தேன். உன்னைத் தவிர வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை.

பூனையைப் பற்றி எழுது.

ஆர்மிஸ்டெட்


மார்ல் க்ரீக்
11 ஏப்ரல்

அன்புள்ள ஆர்மிஸ்டெட்,

இங்கு யாவரும் நலம். பதில் தாமதமானதற்கு வேறு காரணம் தேடாதே. ரிச்மண்டுக்குச் சில தடவை போய் வர வேண்டியிருந்தது, ஒரு வேலையாக.

கருவி வந்தது. புல் வெட்டும் வண்டி மாதிரி இருந்தது. பேராசிரியர் அதைத் தள்ளிக்கொண்டு அந்த இடத்தின்மேல் போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். கமிட்டி முழுவதும் நின்று பார்த்தது. வாரிங் மட்டும் மடக்கு நாற்காலி கொண்டுவந்து உட்கார்ந்திருந்தார்.

"இது காலி இல்ல சார்" என்றார் பேராசிரியர்.

"கிண்ணம் வெச்ச பெட்டியா இருக்கும். பெட்டிய விட்டுட்டுக் கிண்ணத்த மட்டும் எடுத்திருப்பாங்க" என்றார் வாரிங்.

"எடுத்திருந்தா மண்ணு ரெண்டாம் தடவை கலைஞ்சிருக்கணும். இது ஒரே தடவை தோண்டி ஒரே தடவை மூடின குழி. அப்புறம் யாரும் தொடவே இல்ல."

"அப்ப கிண்ணம் எப்படி வெளிய வந்துச்சு?"

"அது எனக்கு எப்படி சார் தெரியும்? உங்க கிண்ணம்."

எல்லாரும் ஆலயத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தோம், கிண்ணமே வெளியே வந்து விளக்கம் சொல்லப் போவது போல.

குருவானவர் அனுமதி கொடுத்ததும் தலைமாட்டில் சிறிதளவு மட்டும் தோண்டினார்கள். கொஞ்ச நேரத்தில் பேராசிரியர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து தொப்பியைக் கழற்றினார். நானும் எட்டிப் பார்த்தேன். பார்த்தது ஒரு மனிதரின் நெற்றி. வளர்ந்த ஆள். நெற்றியில் ஒரு துளை.

"வெள்ளியோன்னு நெனச்சேன்" என்றார் வாரிங்.

மறுபடி மூடிவிட்டார்கள். நூற்று முப்பது வருடமாக அவர்மேல் நின்று ஷெர்ரி குடித்திருக்கிறோம்.

ஹெஸ்டர்


டூசான்
24 ஏப்ரல்

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலம் என்று எழுதினாய். "யாவரும்" என்றும் எழுதினாய். அங்கே தனியாக இருப்பது நீ ஒருத்திதான்.

பிணம் வசதியான நேரத்தில் வந்திருக்கிறது. எனக்கு இடம் கிடைத்துவிடக் கூடாது என்பதற்காக நீ எதுவும் செய்வாய் என்று தெரியும். மண்டையோடு வரை போவாய் என்று நினைக்கவில்லை. பேராசிரியரின் வரைபடத்தை எனக்கு அனுப்பு. அளவு தப்பாக இருந்தால் கண்டுபிடித்துவிடுவேன்.

உண்மையாகவே ஒருவர் இருக்கிறார் என்றால், அவர் யார்? ஊரே ஊரின் தாத்தாக்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு ஆள் மட்டும் எப்படிக் காணாமல் போவார்?

ரிச்மண்டில் உனக்கு என்ன வேலை? போக்குவரத்து நெரிசல் இருக்கிறது என்று சொல்லி என்னை வழியனுப்பக்கூட அங்கே வராதவள் நீ.

ஆர்மிஸ்டெட்


மார்ல் க்ரீக்
2 ஜூன்

அன்புள்ள ஆர்மிஸ்டெட்,

வரைபடத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அளந்து பார்த்துக்கொள், உடம்புக்கு நல்லது.

அவர் யார் என்று தெரிந்துவிட்டது. புத்தகத்தில் நானே எழுதிய ஒரு வரி உறுத்திக்கொண்டிருந்தது. ஜாஸ்பர் குடும்பத்தார் கிண்ண ஞாயிறு அன்று சாலையில் நிற்பார்கள் என்று எழுதியிருந்தேனே, அது. ஏன் நிற்கிறார்கள் என்று அவர்களிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. காரணம் நமக்குத் தெரிந்திருந்ததே, பிறகு எதற்குக் கேட்பது?

ரோவீனா ஜாஸ்பரைத் தேடிப் போனேன். மேற்குச் சாலையில் இருக்கும் ஈமச்சடங்கு நிலையம் அவருடையது. கறுப்பர்கள் எல்லாரும் அங்கே போவார்கள், நாம் யாரும் போனதில்லை. கதவைத் திறந்ததும், "வாங்க மிஸஸ் கெயின்ஸ். யாருக்கு?" என்றார். தொழில் அப்படி.

"யாருக்கும் இல்ல. ஒண்ணு கேக்கணும். கிண்ண ஞாயிறு அன்னிக்கு உங்க வீட்டாளுங்க எதுக்கு ரோட்டுல வந்து நிக்கிறீங்க?"

"எதுக்குன்னு நெனச்சுட்டிருக்கீங்க?"

"கிண்ணத்துக்கு மரியாதைன்னு."

அவர் சிரித்தார். பக்கத்து அறையில் பூ அடுக்கிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். அப்படிப்பட்ட கட்டடத்தில் அவ்வளவு பெரிய சிரிப்பை நான் கேட்டதில்லை.

"நாங்க பாப்டிஸ்ட் ஆளுங்கம்மா. எங்க சபையில வெறும் திராட்சைச் சாறுதான், அதுவும் மூடி அளவு கிளாஸ்ல. உங்க கிண்ணத்த வெச்சுக்கிட்டு நாங்க என்ன செய்ய?"

"பின்ன எதுக்கு?"

"எங்க கொள்ளுத்தாத்தா கல்லறைக்கு வர்றோம். வருஷத்துக்கு ஒரு நாளு. உள்ள விடமாட்டீங்க, அதனால வெளிய நிக்கிறோம்."

உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

1864-இல் படை வருகிறது என்று வதந்தி கிளம்பியது உண்மை, ஆனால் படை வரவேயில்லை. ஒளித்து வைப்பதற்காகக் கமிட்டியார் கிண்ணப் பெட்டியைத் திறந்தார்கள். பெட்டி காலி. சாவி வைத்திருந்தவர் ஐசக். எதிரிக்குத் தகவல் சொல்லிக் கிண்ணத்தையும் கொடுத்துவிட்டான் என்று அவர்கள் நினைத்தார்கள். அவர் இல்லை என்றார். குருவானவர் அங்கி மாற்றும் வெஸ்ட்ரி அறையின் கதவடியிலேயே கமிட்டித் தலைவர் அவரைச் சுட்டார். ஐசக்கின் மனைவி வெளியே மணிக்கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்பதற்காக ஐசக்கின் உடலை மதிலுக்குள்ளேயே, தங்கள் சொந்தக் குடும்ப இடத்தில் புதைத்தார்கள். போர் முடிந்ததும் அந்தக் காலத்துக் குருவானவர் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ரிச்மண்டிலிருந்து வந்து இறங்கினார். போர்ச் செலவுக்கென்று கமிட்டியார் அதை விற்றுவிடுவார்கள் என்று சந்தேகப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் அங்கே ஒரு சபையில் கொடுத்து வைத்திருந்தாராம். ஊரார் பார்க்கும்படி ஒரு புதுக் குழி இருந்தது, கிண்ணமும் திரும்பி வந்துவிட்டது. கதை தானாகச் சேர்ந்துகொண்டது.

ஆகவே குழப்பிக்கொண்டவர்கள் ரிச்மண்ட்காரர்கள் அல்ல.

"இத்தனை வருஷம் ஏன் யாரும் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னோமே. 1911-ல எங்க தாத்தா உங்க குருவானவர்கிட்ட நேர்ல வந்து சொன்னாரு. அடுத்த வாரம் அவரு தொழுவம் எரிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் வந்து நின்னா போதும்னு இருந்துட்டோம். நீங்க அந்தாண்ட நின்னு ஷெர்ரி குடிப்பீங்க, நாங்க இந்தாண்ட நிப்போம். எங்கம்மா சொல்லுவாங்க, 'பாரு, அவங்களும் தவறாம வந்து நிக்கிறாங்க, எதுக்குன்னுதான் தெரியாது'ன்னு."

ஐசக்கைச் சுட்ட அந்தக் கமிட்டித் தலைவர் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இல்லை. லுசிண்டாவின் கணவர், நம் கொள்ளுத்தாத்தா தாமஸ் பெல்ஃபீல்ட்.

ஹெஸ்டர்


டூசான்
13 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

வரைபடத்தை அளந்தேன். சரியாக இருக்கிறது. உன்னைச் சந்தேகப்பட்டது தப்பு. ஆனால் ஒன்றைத்தான் வாபஸ் வாங்குகிறேன், மற்றதை அல்ல.

ரிச்மண்டில் என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ஆஸ்பத்திரி இருக்கிறது. ஜூலைக்குள் புத்தகம், பூனை, விரிப்புகள் எல்லாம் அப்புறம் தானாக வரிசையில் வந்து நின்றன. முதலில் தேவைப்படப் போவது யாருக்கு என்று ஜனவரியிலேயே உனக்குத் தெரியும்.

ஆகவே நான் சொல்வதைக் கேள். நான் விலகிக்கொள்கிறேன், அந்த இடம் உனக்கு. இதையெல்லாம் புத்தகத்தில் எழுதாதே. பெயர் தெரியாத பழைய எலும்பு என்று ஒரு வரி போதும். கமிட்டி அவரை மரியாதையாக வேறு இடத்துக்கு மாற்றட்டும், நீ அம்மாவுக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள். எல்லாரும் செத்துப்போன ஒரு விஷயத்துக்காக நீ அந்தச் சுவரில் போய் இருக்க வேண்டாம். நான் பொய் சொல்லச் சொல்கிறேன் என்று தெரிகிறது. சொல்லத்தான் சொல்கிறேன்.

எத்தனை நாள் என்று எழுது. நலம் என்று எழுதாதே.

ஆர்மிஸ்டெட்


மார்ல் க்ரீக்
21 ஜூலை

அன்புள்ள தம்பிக்கு,

நலம் இல்லை. கணையத்தில் புற்று வந்திருக்கிறது. இலை உதிரும் வரை என்று டாக்டர் சொல்கிறார். எந்த மரத்தின் இலை என்று கேட்டேன், சொல்லத் தெரியவில்லை.

நீ சொன்ன யோசனையை வாரிங்கும் சொன்னார். உன்னைவிட அழகாகச் சொன்னார், பழக்கம் இருக்கிறது. "பெயர் அறியப்படாத ஒரு விசுவாசி" என்று கல் வைத்து அவரை வேலியோரம் மாற்றிவிடலாம், அந்த இடம் எனக்கு, கிண்ண ஞாயிறு வழக்கம்போல நடக்கும், ஐசக்கைப் பற்றி நான் எழுதிய எட்டு பக்கம் இல்லாமல் புத்தகம் மெலிந்து வரும், அவ்வளவுதான். உடனே மறுத்தேன் என்று நீ நினைத்தால் என்னைப் பற்றி ரொம்ப நல்லவிதமாக நினைக்கிறாய். ஒரு வாரம் யோசித்தேன். ஒரு நாள் காரில் போய் அம்மாவின் கல்லுக்குப் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நல்ல நிழல். மண்ணும் மெத்தென்று இருக்கிறது. ஆனால் கண்ணை மூடினால் அந்த நெற்றிதான் தெரிகிறது. அவரைக் கிளப்பிவிட்டு அங்கே படுத்தால் எனக்குத் தூக்கம் வராது, எப்படிப்பட்ட தூக்கமாக இருந்தாலும்.

எட்டு பக்கத்தையும் அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். பிறகு கமிட்டிக் கூட்டத்துக்குப் போய், கொடுத்துவிட்டதைச் சொன்னேன். இந்த வரிசை முக்கியம்.

மிஸஸ் ஜாஸ்பரையும் குருவானவர் அழைத்திருந்தார். இருநூற்றைம்பது வருடத்தில் அவர் குடும்பத்தார் ஒருவர் கமிட்டி மேசையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வாரிங் தாமே எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டார். மரியாதையா பயமா என்று அவருக்கே தெரிந்திருக்காது. ஐசக்கை உங்கள் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டு போகிறீர்களா என்று குருவானவர் கேட்டார்.

"இருக்கட்டும். நல்ல இடமாத்தான் குடுத்திருக்காங்க, தெரியாமக் குடுத்தாலும்" என்றார் மிஸஸ் ஜாஸ்பர். "கல்லு மட்டும் வைங்க."

"உயிர் போகும்வரை உண்மையுள்ள ஊழியன்னு போடலாமா?" என்றார் வாரிங்.

"ஊழியன்லாம் வேணாம். அவருக்கு யாரும் சம்பளம் குடுத்த மாதிரி தெரியல."

"அப்ப, போரில் பலியானவர்னு..."

"எந்தப் போரு? படையே வரலியே."

"பொதுவா ஒரு வார்த்தை, மிஸஸ் ஜாஸ்பர். வருங்காலத் தலைமுறை படிச்சா வருத்தப்படாத மாதிரி."

"அவங்க வருத்தப்படட்டும் சார். நாங்க அவ்வளவு நாளு நின்னுட்டோம், அவங்க நின்னு படிக்கட்டும். பேரு, செஞ்ச வேலை, யாரு கொன்னாங்க. அவ்வளவுதான்."

"'கமிட்டியாரால்'னு போட்டா, இன்னிக்குக் கமிட்டியில இருக்கிற எங்களைச் சொல்ற மாதிரி ஆயிடுமே" என்றார் வாரிங். அதற்கு மேல் ஒரு மணி நேரம் இழுத்தார்கள். சபைப் பெரியோர் என்றார்கள், அக்காலத்தவர் என்றார்கள், குழப்பமான சூழ்நிலை என்றுகூட ஒருவர் சொன்னார். சூழ்நிலை துப்பாக்கி வைத்திருந்ததா என்று குருவானவர் கேட்டார். ஒஹையோவைக் கமிட்டி எப்போது மன்னித்தாலும், நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன்.

எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, கூட்டத்தைச் சொல்லவில்லை. "யாரோட பேருன்னுதானே தயங்குறீங்க? எங்க வீட்டுப் பேரத்தான் போடணும். நான் கையெழுத்துப் போடறேன்" என்றேன். மிஸஸ் ஜாஸ்பர் தன் பேனாவை என் பக்கம் தள்ளினார். நன்றி என்று சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நான் சங்கடப்பட்டிருப்பேன்.

வெளியே வந்ததும், நான் போனபின் என்னை எரித்து அந்தச் சாம்பல் சுவருக்குக் கொண்டு போகும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தேன். "நம்ம ஊர்ல உங்காளுங்க பேசுவாங்களே" என்றார். "பேசட்டும், நான் கேக்கப் போறதில்ல" என்றேன்.

நேற்று கல் வந்து நிறுத்தியாகிவிட்டது. அதில் இருப்பது:

ஐசக் ஜாஸ்பர்
இந்த ஆலயத்தின் மணியை அடித்தவர்
தாமஸ் பெல்ஃபீல்ட் இவரைச் சுட்டுக் கொன்றார்
1864

அம்மாவின் வலப்பக்கத்தில் ஒரு பெல்ஃபீல்டின் பெயர் இருக்க வேண்டும் என்று நாம் இருவரும் இந்த ஆறு மாதம் சண்டை போட்டோம். இருக்கிறது.

முழங்காலுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். வருவதாக இருந்தால் ஆகஸ்டிலேயே வா.

அக்கா,
ஹெஸ்டர்